நண்டு உருட்டும் கோயில் மணல்

அந்தக் காலத்தில், நண்டும் மீனும்கூட மனிதரோடு மனிதராய் வாயடித்துத் திரிந்த காலத்தில், தாய்லாந்தின் தென்கரையில் ஒரு புத்தர் கோயில் இருந்தது. எதிரே அந்தமான் கடல். கடலுக்குள் சுண்ணாம்புக் குன்றுகள் செங்குத்தாக எழுந்து நிற்கும். கோயிலுக்கு ஒரு பக்கம் வெள்ளை மணல், மறுபக்கம் அலையாத்திக் காட்டுச் சேறு. குன்றுகளைப் பார்க்கவும் புத்தரைக் கும்பிடவும் எங்கெங்கிருந்தோ ஆட்கள் படகேறி வருவார்கள்.

வருகிறவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவது பூன்மா என்கிற நண்டின் வேலை. யாரும் அவனிடம் அந்த வேலையைக் கொடுக்கவில்லை, அவனாகவே எடுத்துக்கொண்டான். இன்றைக்கு நாம் பார்க்கிற மாதிரி நகத்தளவு நண்டு என்று நினைத்துவிடாதீர்கள். அப்போது அவன் சாப்பாட்டுத் தட்டு அகலம் இருப்பான். படகு கரை தட்ட வேண்டியதுதான், கொடுக்கைத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் ஓடிவருவான்.

"வாங்க, வாங்க! அதோ தெரியுது பாருங்க, அதுதான் யானைக் குன்று. தும்பிக்கை தெரியுதா? தெரியலையா? இப்படி வந்து நின்னு பாருங்க. வெயில் ஏறுறதுக்குள்ள கோயிலுக்குப் போயிடலாம். அரச மரத்து நிழல்ல காத்து பிச்சுக்கிட்டுப் போகும்!"

"அடடா, எவ்வளவு நல்ல நண்டு!" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அன்றைக்கு அவனுக்குச் சாப்பாடே வேண்டாம். அப்படி ஒரு புகழ்ப் பைத்தியம்.

அவனுக்கு ஒரு கூட்டாளி இருந்தான். தவீ என்கிற சேற்றுத் துள்ளி மீன். தலைமேல் பிதுங்கிய இரண்டு கண்கள். துடுப்பையே காலாக ஊன்றிக்கொண்டு சப்பக் சப்பக்கென்று நடப்பான். கோயில் வாசலில் எல்லோரும் கால் கழுவுகிற தண்ணீர் ஓடித் தேங்கும் இடத்தில், அரச மரத்துக்குக் கொஞ்சம் தள்ளி, வளை தோண்டிக் குடியிருந்தான். அதிகம் பேசாத ஆள். பூன்மா அளக்கிற கதைக்கெல்லாம் தலையாட்டுவான், அவ்வளவுதான்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கோயிலுக்குப் போய்த் திரும்புகிறவர்கள் காலில் முற்றத்து மணல் ஒட்டிக்கொண்டு வந்துவிடும் இல்லையா? ஒரு பொடி ஒட்டியிருந்தாலும் அது கோயில் சொத்து. தெரியாமல் எடுத்து வந்ததுதான், என்றாலும் திருப்பித் தந்தாக வேண்டும். அதனால் நமக்குச் சித்திரை பிறக்கிற அதே நாட்களில், சோங்கிரான் என்கிற அவர்களுடைய புத்தாண்டுக்கு, ஆளாளுக்குக் கடற்கரையிலிருந்து மணல் சுமந்து வந்து கோயில் முற்றத்தில் கொட்டுவார்கள். கொட்டிய மணலைச் சின்னச் சின்னக் கோபுரமாகப் பிடித்து, பூ வைத்து, வண்ணக் கொடி குத்துவார்கள்.

அந்த வருஷம் சோங்கிரானுக்குத் தலைநகர் அயுத்தியாவிலிருந்தே ஒரு பெரிய கூட்டம் வருகிறது என்று சேதி வந்தது. பூன்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "இந்தத் தடவை என் கோபுரம்தான் எல்லாத்தையும்விட உசரம். வேணும்னா பாருங்க!" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்தான்.

சொல்லிவிட்டான். ஆனால் கடற்கரைக்கும் முற்றத்துக்கும் நடுவே நல்ல ஏற்றம். கொடுக்கில் அள்ளிய மணல் பாதி வழியிலேயே பொலபொலவென்று உதிர்ந்துவிடும். எத்தனை நடை நடந்தும் அவன் கோபுரம் ஒரு கவிழ்த்த கொட்டாங்கச்சி அளவுதான் எழும்பியது. பக்கத்தில் ஊர்க்காரர்களின் கோபுரங்கள் இடுப்புயரம் நின்றன.

திருவிழாவுக்கு முந்தின நாள், பிக்குகள் உண்டு முடித்துக் கண்ணயர்ந்திருந்த உச்சி வெயில் நேரம். அரச மரத்துக்குப் பின்னால் ஒதுங்கிய பூன்மாவின் கண்ணில் அது பட்டது. வேருக்கு நடுவே பொதபொதவென்று அவ்வளவு மணல்!

'இங்கேயே குவிஞ்சு கிடக்கு, நான் எதுக்குக் கடலுக்கும் கோயிலுக்கும் அலையணும்? எங்க எடுத்தா என்ன, கோயில்லதானே இருக்கப்போகுது?'

மனசு சுருக்கென்றுதான் இருந்தது. கோயில் மணலைக் கோயிலுக்கே காணிக்கை வைப்பது எந்த ஊர் நியாயம் என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் தோண்டினான். வேருக்கு அடியில் புகுந்து புகுந்து தோண்டினான். வெயில் தாழ்வதற்குள் அவன் கோபுரம் மற்றக் கோபுரங்களை எல்லாம் தாண்டி நின்றது.

மறுநாள் முற்றம் கொள்ளாத கூட்டம். அயுத்தியாக்காரர்கள் பூன்மாவின் கோபுரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். தலைமைப் பிக்குவே வந்து நின்று பார்த்தார்.

"இத்தனையும் நீயேவா சுமந்து வந்தே, பூன்மா?"

"ஆமா சாமி. கொடுக்கு ரெண்டும் கழண்டு போச்சு, போங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

அடுத்து அரச மரத்துக்கு நீர் வார்க்கிற சடங்கு. பூப்போட்ட தண்ணீரை ஒவ்வொருவராக வேரில் ஊற்றினார்கள். ஊற்றிய தண்ணீர் தேங்கவில்லை, மடக் மடக்கென்று உள்ளே இறங்கியது. கொஞ்ச நேரத்தில் மரம் நறநறவென்றது. ஐயோ, ஓடுங்கள் என்று யாரோ கத்துவதற்குள், ஒரு பக்கத்து வேர் மொத்தமும் பெயர்ந்து, அத்தனை பெரிய மரம் கோயில் சுவர்மேல் சாய்ந்தது. யாருக்கும் அடியில்லை, புத்தர் புண்ணியம். ஆனால் வேருக்கடியில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது ஒரு பள்ளம்.

"யார் தோண்டினது இதை?" என்றார் தலைமைப் பிக்கு.

பூன்மாவின் கண்கள் ஓட்டுக்குள் இறங்கிக்கொண்டன. 'சொல்லிடு, இப்பவே சொல்லிடு' என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனால் அயுத்தியாவே நின்று பார்க்கிறதே! இவ்வளவு நேரம் அவனை மெச்சிய வாய்கள் அத்தனையும் இனி என்ன சொல்லும்?

"மரத்துப் பக்கத்துல வளை தோண்டிக் குடியிருக்கிறது அந்தச் சேத்து மீன்தானே?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

பிக்கு பூன்மா பக்கம் திரும்பினார். "நீதான் எந்நேரமும் இங்கே இருக்கிறவன். நீ ஏதாவது பார்த்தியா?"

"தவீ தோண்டுறதைப் பார்த்திருக்கேன், சாமி" என்றான் பூன்மா.

பொய் இல்லை, கவனியுங்கள். தவீ என்றைக்கோ தன் வளையைத் தோண்டியதை அவன் பார்த்தவன்தான். பின்னாளில் மணல் எடுத்ததைக்கூட ஒருவாறு தாங்கிக்கொண்டவன், இந்தக் கெட்டிக்காரத்தனத்தை நினைத்தபோதெல்லாம் உடம்பு கூசிச் செத்தான்.

தவீ கூட்டாளியைப் பார்த்தான். பக்கத்து வளையில் குடியிருக்கிறவனுக்கு யார் தோண்டியது என்று தெரியாதா? கண்ணால் கண்டவன் அவன். வாயைத் திறந்தால் போதும், பூன்மாவின் மானம் கப்பலேறிவிடும்.

ஆனால் தவீ இரண்டு துடுப்பையும் நெஞ்சுக்கு நேரே குவித்து, "மன்னிச்சிடுங்க சாமி. இனிமே இந்தப் பக்கம் குடியிருக்கல" என்று மட்டும் சொல்லிவிட்டு, அலையாத்திக் காட்டுச் சேற்றைப் பார்த்து நடந்தான். திட்டிவிட்டுப் போயிருந்தால்கூடத் தேவலை.

அப்புறம் ஊரே கூடிச் சாய்ந்த மரத்தை நிமிர்த்தியது. கவைக் கம்புகளை நட்டு முட்டுக் கொடுத்தார்கள். "பூன்மா, நீயும் ஒரு கை கொடு" என்று கூப்பிட்டார்கள். அவனால் அந்தப் பள்ளத்தின் பக்கம் போகவே முடியவில்லை. படகேறப் போன அயுத்தியாக்காரர்கள், "போய்ட்டு வர்றோம் நல்ல நண்டே" என்றபோது, அவனுக்கு அப்படியே மண்ணுக்குள் புதைந்துபோகலாம் போலிருந்தது. சாப்பாடு இறங்கவில்லை. யார் சிரித்தாலும் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று தோன்றியது. வெட்கம் அவனை அரித்து அரித்து, தட்டு அகலம் இருந்தவன் கிண்ணமளவு ஆனான், கிண்ணமளவு இருந்தவன் புளியங்கொட்டை அளவு ஆனான்.

பொறுக்கமாட்டாமல் ஒருநாள் பிக்குவிடம் போய் விழுந்தான். "நான்தான் சாமி தோண்டினேன். அவன் இல்ல."

பிக்கு, "மரம் பிழைச்சுக்கும். மணலும் போட்டுடலாம். முதல்ல போய்த் தவீயைப் பாரு" என்றார்.

"ஐயோ, வேண்டாம் சாமி! எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அவன் முன்னால நிப்பேன்? எடுத்த அளவு மணல் மொத்தத்தையும் கடற்கரையிலேருந்து முதல்ல கொண்டுவந்து போட்டுடறேன். அப்புறம் போறேன்."

"முதல்ல அவனைப் பாருப்பா."

"இல்ல சாமி. மணல்தான் முதல்ல."

பிடித்த பிடியை விடவில்லை. அலை உள்வாங்கிக் கடல் வற்றியதும் வேலையைத் தொடங்கினான். இப்போதுதான் கொடுக்கும் சிறுத்துப்போயிற்றே, அதனால் வாயால் மணலை அள்ளி, உருண்டை பிடித்து, ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினான். எல்லாம் சேர்ந்ததும் கோயிலுக்குத் தள்ளிக்கொண்டு போகலாம் என்று கணக்கு. சேர்ந்து முடிவதற்குள் கடல் ஏறிவந்து அத்தனையையும் கரைத்துக்கொண்டு போயிற்று. மறுபடி வற்றியது, மறுபடி உருட்டினான்.

இதற்குள் பிக்கு ஆளனுப்பித் தவீயிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். தவீ அன்றைக்கே சேற்றை விட்டு மணலில் ஏறினான். மீன் உடம்பு, வெயிலில் காய்ந்துபோகும், இருந்தாலும் வந்தான். சப்பக் சப்பக்கென்று அவன் நடை மணலில் கேட்டதுதான் தாமதம், பூன்மா பக்கவாட்டில் ஓட்டமெடுத்தான். பாதி உருட்டிய மணலைப் போட்டுவிட்டுத் தன் மணல் வளைக்குள் பாய்ந்தான். வெளிச்சம்கூட வராதபடி ஈர மணலால் வாயை அடைத்துக்கொண்டான்.

தவீ வளை வாசலில் வந்து உட்கார்ந்தான். வாழ்நாளில் அவன் அதிகம் பேசியது அன்றைக்குத்தான்.

"டேய் பூன்மா, வெளியே வாடா. மரம் துளிர்த்திருக்கு தெரியுமா? எனக்குச் சேறு நல்லாத்தான் இருக்கு, ஒரு குறையும் இல்ல. உருட்டினது போதும், வாடா. நீ பேசாம எனக்குப் பொழுதே போகல."

அடைத்த மணலுக்கு இந்தப் பக்கமே எல்லாம் நின்றுவிட்டது. உள்ளே ஒரு சொல்கூடப் போகவில்லை. முதுகு காய்ந்து வெடிக்கும்வரை தவீ காத்திருந்தான். கடல் ஏறத் தொடங்கியதும் எழுந்து போனான்.

அடுத்த முறை கடல் வற்றியபோதும் வந்தான். அதற்கடுத்த முறையும் வந்தான். நடைச் சத்தம் கேட்டதும் பூன்மா ஓடி ஒளிந்தான்.

அன்று முதல்தான், அந்தக் கரையில் கடல் வற்றும்போதெல்லாம் அந்தப் பொடி நண்டு மணலை உருட்டி உருட்டி அடுக்கி வைக்கிறது. ஊர் சுற்ற வந்தவர்கள், "என்ன அழகு, கோலம் போட்ட மாதிரி!" என்று குனிந்து படம் எடுக்கிறார்கள். ஆனால் காலடி கேட்டால் போதும், வளைக்குள் பாய்ந்து வாயை அடைத்துக்கொள்கிறது. வந்திருப்பது யார், என்ன சொல்ல வந்தார்கள் என்று இன்றுவரை அது ஒரு தடவைகூட எட்டிப் பார்த்ததில்லை.