லிஃப்ட் புரோகிராமை எழுதியவர் யார்?

தரமணியில் ஒரு மென்பொருள் கம்பெனி. அதன் தலைமை வடிவமைப்பாளர் ரங்கப்பிரசாத், லிஃப்டை இயக்கும் புரோகிராமைத் தனியாளாக எழுதியதாகச் சொல்லி மூன்று விருது வாங்கியவர். ஒருநாள் ஒப்பந்த ஊழியர் செண்பகவல்லியை அழைத்தார்.

"ஏம்மா, புரோகிராம்ல தப்பு தேடற நம்ம டீபக்கர் கருவில, புரோகிராம்ல எழுதின தரவு வகைகளோட பட்டியல் கேட்டா ஒரே வகை நாற்பது தடவை வருது. எந்தக் கோப்புல எழுதினதுன்னும் காட்டல. நாலு மணிக்கு வாடிக்கையாளர் வர்றாங்க. அதுக்குள்ள சரி பண்ணு. இல்லேன்னா நாளைக்கு வராதே."

"எழுதின இடத்தை அப்படியே காட்டிடலாமா சார்?"

"அதைத்தானே சொல்றேன்! கேள்வி கேட்காம போய்ச் செய்."

செய்தாள். நாலு மணிக்கு வாடிக்கையாளர் முன்னால், "கருவியை என் லிஃப்ட் புரோகிராமிலேயே ஓட்டிக் காட்டு" என்றார் ரங்கப்பிரசாத் பெருமையாக.

எழுதியதைக் கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றி, அதாவது கம்பைல் செய்யும்போது, மூலக்கோப்பு யாருடைய கணினியில் எந்தக் கோப்புறையில் இருந்ததோ அந்த முகவரியும் புரோகிராமுக்குள் பதிந்துவிடும். இது வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். விருது வாங்குகிறவர்களுக்குத் தெரியாது. திரையில் முந்நூறு வகைகள், ஒவ்வொன்றும் ஒரே தடவை. பக்கத்தில், எழுதிய இடமாக, செண்பகவல்லியின் கோப்புறை, இன்னொரு ஒப்பந்த ஊழியர் ஜோதிராஜின் கோப்புறை. வேறு பெயரே இல்லை.

"உங்க பேரைக் காணோமே சார்?" என்றார் வாடிக்கையாளர் அம்மையார்.

"கருவி தப்பா காட்டுது!"

"அப்படியா சார்?" என்றாள் செண்பகவல்லி பணிவாக. "நீங்க எழுதின வகை ஒண்ணு சொல்லுங்க. அதை வச்சே சரிபார்த்துடறேன்."

ரங்கப்பிரசாத் தண்ணீர் குடித்தார். மறுபடியும் குடித்தார்.

செண்பகவல்லியும் ஜோதிராஜும் இருந்தால்தான் அடுத்த வேலையைத் தருவோம் என்று அம்மையார் அங்கேயே எழுதிக் கையெழுத்திட்டார். தலைமை வடிவமைப்பாளர் வேண்டுமென்று அதில் ஒரு வரியும் இல்லை.