குடுக்கையில் மிஞ்சிய தண்ணீர்

ஒரு காட்டில் வழக்கு என்று வந்தால் விலங்குகள் எல்லாம் நாவல் மரத்தடியில் கூடும். தீர்ப்புச் சொல்வது யானையம்மா. கிளையில் ஒரு சுரைக்குடுக்கை தொங்கும். அதன் அடியில் ஊசி நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. குரங்கு அதில் தண்ணீர் ஊற்றும். தண்ணீர் சொட்டுகிற வரைதான் பேசலாம். கடைசிச் சொட்டு விழுந்ததும் வாயை மூடிவிட வேண்டும்.

பழைய கிரேக்க நாட்டு மனிதர்கள் இப்படித்தான் வழக்காடினார்களாம். ஆண்டுதோறும் கடல் தாண்டி வரும் நாரை ஒன்று அதைச் சொல்ல, காட்டுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. கூடவே இரண்டு விதிகளையும் சேர்த்துக்கொண்டார்கள். தண்ணீர் சொட்டும்போது சொன்ன சொல்லைத் திரும்பப் பெற முடியாது. ஒருவருக்காக ஊற்றிய தண்ணீர் தீரும்வரை மற்றவர் யாரும் வாய் திறக்கக் கூடாது.

அந்தக் காட்டில் மெல்லம்மா என்றோர் ஆமை இருந்தது. ஆற்றோர மணல்திட்டில் அது பதினொரு முட்டைகளைப் புதைத்து வைத்திருந்தது. இன்னும் பத்தே நாளில் குஞ்சுகள் வெளியே வந்துவிடும். அந்த நேரம் பார்த்து, கிண்டியப்பன் என்ற காட்டுப்பன்றி கோரைக்கிழங்கு தேடிக்கொண்டு வந்து, அதே திட்டை ஒரு முனையிலிருந்து கிண்டத் தொடங்கியது.

"அண்ணே, அங்கே என் முட்டைகள் இருக்கின்றன. பத்து நாள் பொறுத்துக்கொள்ளுங்களேன்!" என்று ஆமை கெஞ்சியது.

"என் வயிறு பத்து நாள் பொறுக்குமா? வேண்டுமானால் போய் வழக்குப் போடு, போ!" என்றது பன்றி.

ஆமை வழக்குப் போட்டுவிட்டது. ஆனால் சபையில் பேசி அதற்குப் பழக்கமில்லை. நேராக மயிலிடம் போனது. பேசத் தெரியாதவர்களுக்குப் பேச்சு கட்டிக் கொடுப்பதுதான் ஒய்யாரன் என்ற அந்த மயிலின் தொழில்.

"ஒய்யாரா, நாளைக்குப் பேச எனக்கு நாலு வார்த்தை சொல்லிக் கொடுப்பா."

"நாலு வார்த்தையா? நான் பேச்சு கட்டினால் மரம்கூடத் தலையாட்டும், தெரியுமா?" என்று மயில் தோகையை விரித்தது.

ஆமை எப்படிப் பேசும் என்று அது ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. தனக்குப் பிடித்த சொற்களை எல்லாம் அள்ளிக் கொட்டியது. பாவம் மெல்லம்மா, அத்தனையையும் உட்கார்ந்து மனப்பாடம் செய்தது. அது கிளம்பிய கொஞ்ச நேரத்தில் பன்றியும் மயிலிடம் வந்தது. மயில் அதற்கும் அதே உற்சாகத்தோடு ஒரு பேச்சு கட்டிக் கொடுத்தது!

மறுநாள் சபை கூடியது. ஆளுக்கு ஒரு குடுக்கைத் தண்ணீர். பிறகு வழக்குப் போட்டவருக்கு மட்டும் இன்னோர் அரைக் குடுக்கை. அதுதான் வழக்கம்.

"தொடங்கலாம்," என்றது குரங்கு.

"விண்ணை... முட்டும்... மலைகளின்... மடியில்..." என்று ஆமை தொடங்கியது. மலையை முடித்து மேகத்துக்கு வந்தது. மேகத்தை முடித்து யானையம்மாவின் வலக் காதைப் புகழ்ந்தது. இடக் காதுக்கு வருவதற்குள் கடைசிச் சொட்டு விழுந்துவிட்டது.

"என் காது கிடக்கட்டும் மெல்லம்மா, நீ எதற்கு வந்தாய்?" என்று கேட்டது யானையம்மா. முயல் விழுந்து விழுந்து சிரித்தது. ஆமைக்கு வெட்கத்தில் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அடுத்து பன்றி எழுந்தது. கோரைப்பல்லில் ஈரச் சேறு அப்படியே ஒட்டியிருந்தது.

"பனித்துளிக்கு வலிக்குமோ என்று பார்த்து நடப்பவன் நான்! ஒரு பூவை மிதிக்கவும் மனம் வராதவன்! என் கால் பட்டு ஓர் எறும்புகூடச் செத்ததில்லை!"

சபை கைதட்டியது. மான் கண்ணைத் துடைத்துக்கொண்டது. தான் இவ்வளவு நல்லவனா என்று பன்றியே வியந்துபோனது.

குரங்கு அரைக் குடுக்கைத் தண்ணீரை ஊற்றியது. மெல்லம்மா கணக்குப் போட்டுப் பார்த்தது. இடக் காதிலிருந்து தொடங்கினால் முட்டைக்கு வருவதற்குள் தண்ணீர் தீர்ந்துவிடும். அப்புறம் முட்டைகளும் போய்விடும். மயில் கொடுத்த பேச்சை அது அங்கேயே கைவிட்டது.

"மணலுக்குள் என் முட்டைகள் பதினொன்று இருக்கின்றன. பத்து நாளில் குஞ்சுகள் வந்துவிடும். அண்ணன் கிண்டிய குழி முட்டைகளுக்கு ஒரு முழம் தள்ளித்தான் நிற்கிறது. இனியும் கிண்டினால் எல்லாம் உடைந்துபோகும். பூவை மிதிக்கவும் மனம் வராது என்று அண்ணன் இப்போதுதான் சொன்னார். நான் அதை நம்புகிறேன். அவ்வளவுதான்."

ஆமை பேசி முடித்துவிட்டது. குடுக்கையில் தண்ணீர் மிஞ்சியிருந்தது!

இப்படி ஒருநாளும் நடந்ததில்லை. அது தீரும்வரை யாரும் பேசக் கூடாதே! சொட்டு... சொட்டு... என்ற சத்தம் மட்டும் கேட்டது. மான் மெல்லத் திரும்பிப் பன்றியின் கோரைப்பல்லிலிருந்த சேற்றைப் பார்த்தது. முயலும் பார்த்தது. பிறகு சபை முழுவதும் பார்த்தது. பன்றி ஏதோ சொல்ல வாயெடுத்தது. குரங்கு உதட்டில் விரல் வைத்து அதட்டியது.

கடைசிச் சொட்டு விழுந்தது.

"கிண்டியப்பா, பூவைக்கூட மிதிக்க மாட்டேன் என்று தண்ணீர் சொட்டும்போது சொன்னது யார்?" என்று கேட்டது யானையம்மா.

"அது... மயில் சொல்லிக் கொடுத்தது, அம்மா."

"சொன்ன வாய் யாருடையது?"

பன்றி தலையைத் தொங்கப் போட்டது. "என்னுடையதுதான்."

"அப்படியானால் உன் சொல்லைக் காப்பாற்று. குஞ்சுகள் ஆற்றில் இறங்கும்வரை அந்தத் திட்டில் உன் கால் படக் கூடாது."

மெல்லம்மாவுக்கு ஆனந்தத்தில் கால் தரையில் பாவவில்லை. ஆனாலும் வீட்டுக்கு மெதுவாகத்தான் போனது.

பத்தாம் நாள் மணலைத் தள்ளிக்கொண்டு குஞ்சுகள் வெளியே வந்தன. திட்டுக்கு வெளியே பசியோடு நின்ற பன்றி, "ஒன்பது... பத்து... பதினொன்று! அப்பாடா!" என்றது.

அவற்றை வரவேற்க மயிலும் வந்திருந்தது. தோகையை விரித்து, கண்ணை மூடிக்கொண்டு, "விண்ணை முட்டும் மலைகளின் மடியில்..." என்று தொடங்கியது.

கண்ணைத் திறந்தபோது பதினொரு குஞ்சுகளும் ஆற்றில் நீந்திக்கொண்டிருந்தன. எதிரே பன்றி மட்டும்தான் இருந்தது. வாய் நிறையக் கிழங்கோடு, "ம், மேலே சொல்லு," என்றது.

நீதி: இரவல் அலங்காரத்தைவிட, சொல்ல வந்ததைச் சுருக்கமாகச் சொல்லும் சொந்தச் சொல்லுக்கே வலிமை அதிகம்.