கவிழ்த்து வைத்த கலயம்

மூன்றாவது ஊற்றும் நாற ஆரம்பித்துவிட்டது. கதையை இங்கிருந்துதான் சொல்ல வேண்டும். தீவு எவ்வளவு அழகு என்று முதலிலிருந்து ஆரம்பித்தால் நீங்களும் அதைப் பார்க்கக் கிளம்பிவிடுவீர்கள். அப்படிக் கிளம்பி வந்தவர்களை வைத்துத்தான் இவ்வளவும் நடந்தது.

கேளுங்கள். கப்பலுக்குப் பாயைத் தவிர வேறு பலம் இல்லாத காலம். நடுக்கடலில் ஒரு தீவு. சங்கைப் பொடித்துக் கொட்டியது மாதிரி வெள்ளை மணல். அதைப் பார்க்க, அதில் புரள, அங்கே கடலாட, நாலு திசையிலிருந்தும் ஆள் வந்தார்கள். ராஜா பெயர் திரையன். வந்தவர் முகம் கோணக் கூடாது என்று நினைக்கிற நல்ல மனுஷன். கேடு அங்கேதான் இருந்தது.

தீவைச் சுற்றி உப்பு. உள்ளே மூன்றே மூன்று நல்ல தண்ணீர் ஊற்று. பிள்ளை பிறந்தால் அந்தத் தண்ணீரில் தேன் குழைத்து நாக்கில் தொட்டு வைப்பார்கள். சேனை வைப்பது என்பார்கள். சேனை பட்டால்தான் அது தீவுப் பிள்ளை.

ஒரு நாள் வடக்கிலிருந்து வந்த வணிகன் ஒருவன் தன்னிடம் கொடுத்த கலயத்தை மூக்கருகே கொண்டுபோனான். "யார் எச்சில் இது?" என்று கேட்டுச் சிரித்தான். நன்றாகக் கழுவிய கலயம்தான். ஆனாலும் ராஜாவுக்கு முகம் செத்துப்போனது.

அன்றே சட்டம் போட்டார். விருந்தாளி வாய் வைத்தது எச்சில். கழுவினாலும் எச்சில். தூக்கி எறிய வேண்டும். குடிக்க ஒரு புதுக் கலயம், சாப்பிட ஒரு புதுச் சட்டி, கால் கழுவ ஒரு புதுக் குடம். அடுத்த வேளைக்கு வேறு மூன்று.

எறிந்ததை அள்ளுகிறவள் கொற்றி. மீன் குழம்பு காய்ந்த சட்டி, கள் புளித்த கலயம், சேறு படிந்த குடம், எல்லாம் அவள் தலைமேல். முதலில் கடலில் கொட்டினாள். மறுநாளே அலை அத்தனையையும் திருப்பிக் கொண்டுவந்து வெள்ளை மணலில் வைத்தது. எங்கே கொட்டட்டும் என்று ராஜாவிடம் போய்க் கேட்டாள்.

"விருந்தாளி கண்ணில் படாத இடத்தில்" என்றார்.

விருந்தாளிகள் பார்க்க வந்தது கடலை. அவர்கள் எட்டிப் பார்க்காத இடம் ஊற்றுப் பக்கம்தான். அங்கே கொட்டினாள்.

மழை பெய்தது. குவியலில் ஊறிய அழுகல் முதல் ஊற்றில் இறங்கியது. புழு நெளிந்தது. இனிமேல் கழுவிக் கவிழ்த்து வையுங்கள் ராஜா, எறிய வேண்டாம் என்று கொற்றி போய்ச் சொன்னாள். ராஜா குவியலைச் சுற்றிச் சுவர் எழுப்பச் சொன்னார்.

இரண்டாவது ஊற்றும் போனது. கழுவிக் கவிழ்த்து வையுங்கள் என்று மறுபடியும் போய்ச் சொன்னாள். ராஜா சுவர்மேல் முல்லை படரவிடச் சொன்னார். விருந்தாளிகள் அதைப் பார்த்து, அடடா, ராஜா தோட்டம் என்றார்கள்.

இப்போது மூன்றாவது. கொற்றியின் மகள் பூதிக்கு நிறைமாதம். பிறக்கப் போகிற பிள்ளையின் நாக்கில் வைக்க இந்த ஒரு ஊற்றுதான் மிச்சம். கொற்றி கூடையை வாசலில் போட்டுவிட்டு நேரே ராஜாவிடம் போனாள்.

"அடியில இன்னும் சுத்தமாத்தான் சுரக்குது. பத்து நாள் மேலே எதுவும் விழாம இருந்தா தெளிஞ்சிடும். நாளைக்கு மூணு கப்பல் வருது. கரையில நின்னு, கழுவின கலயம்தான் இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. பிடிச்சவன் இருக்கட்டும், பிடிக்காதவன் போகட்டும்."

"திரையன் எச்சில் கொடுத்தான் என்று ஊர் ஊராகச் சொல்வார்களே, கொற்றி."

"நாங்க இப்ப குடிக்கிறது மட்டும் என்னவாம்?"

ராஜா தலை குனிந்தார். அழக்கூடச் செய்தார். சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தார்.

மறுநாள் மூன்று கப்பல் வந்தது. முதலில் இறங்கியவன் அதே வடக்கத்தி வணிகன். இப்போது தலை நரைத்திருந்தான். கலயத்தை வாங்கினான், மூக்கருகே கொண்டுபோனான், ராஜாவைப் பார்த்தான்.

"புதுசுதானே?"

ராஜா வாயைத் திறந்தார். கொற்றி கூட்டத்துக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புதுசுதான்" என்றார் ராஜா.

அவ்வளவுதான். ஏழு நாள் கொண்டாட்டம். ஏழாம் நாள் குவியல் சுவரைத் தாண்டிச் சரிந்து ஊற்றை மூடியது. அன்றைக்கே பூதிக்குப் பெண் பிறந்தது. கொற்றி ஓடுகளை விலக்கித் தண்ணீர் மொண்டாள். முகர்ந்தாள், கொட்டினாள். மறுபடி மொண்டாள், கொட்டினாள். மூன்றாம் முறையும் கொட்டினாள். பிள்ளைக்கு வெறும் தேனைத் தொட்டு வைத்தாள்.

சேனை படாத அந்தப் பிள்ளையோடு தீவு மொத்தமும் படகில் ஏறியது. விருந்தாளிகள் அதற்கு முன்பே போயிருந்தார்கள். போகும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு, இந்த இடம் முன்பு மாதிரி இல்லை, கிழக்கே இன்னொரு தீவு இருக்கிறதாம் என்று பேசிக்கொண்டார்கள்.

ராஜா மட்டும் வரமாட்டேன் என்றார். யாராவது கப்பலில் வந்தால் வரவேற்க ஆள் வேண்டுமாம்.

புதுக் கலயம் ஒன்றுகூட மிச்சமில்லை. படகேறும் முன் கொற்றி குவியலிலிருந்து உடையாத கலயம் ஒன்றைத் தேடி எடுத்தாள். மணல் போட்டுத் தேய்த்து, கடல் தண்ணீரில் மூன்று முறை அலசி, அரண்மனை முற்றத்தில் கவிழ்த்து வைத்தாள்.

"மேற்கே மேகம் ஏறுது ராஜா. மழை விழுந்ததும் இதை நிமிர்த்தி வையுங்க. குடிச்சுக்கிட்டு இருங்க. நாலு நாள்ல படகு அனுப்புறேன்."

சொன்ன மாதிரியே மழை வந்தது. நாள் முழுக்கக் கொட்டியது. சொன்ன மாதிரியே நாலாம் நாள் படகும் வந்தது. உயிரோடு ஏற்றிப்போக அங்கே யாரும் இல்லை. ராஜா முற்றத்தில் கிடந்தார். கை எட்டும் தூரத்தில் கலயம். யார் வாய் வைத்ததோ என்று நினைத்திருப்பார்.

விருந்தாளி கண்ணுக்கு மறைக்கிற அழுக்கு வீட்டுக்காரன் வாயில்தான் போய்ச் சேரும்.

நிமிர்த்தி வை என்றாள். அவர் நிமிர்த்தவில்லை.