நண்டு விட்டு வைத்த வழி

நண்டுக்கும் நாரைக்கும் பேச வந்த அந்தக் காலத்தில், கடற்கரையில் ஒரு நண்டு இன்னொரு நண்டின் வளைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. தோண்டிய மணலை அப்படியே விசிறி எறியும். அது பக்கத்து வளையை மூடினால் அவர்கள் பாடு.

அங்கே பவளி என்றொரு நண்டு இருந்தாள். ஐப்பசிப் புயலில் அவளுடைய பதினோரு குஞ்சுகளையும் அலை வாரிக்கொண்டு போய்விட்டது. பவளி உள்ளே போய் வளையை மணலால் அடைத்துக்கொண்டாள். ஏழு நாள் இரை இல்லை, வெளிச்சம் இல்லை. இன்னும் ரெண்டு நாள் அப்படியே கிடந்திருந்தால் ஓடுதான் மிஞ்சியிருக்கும்.

எட்டாம் நாள் காலையில் வளையின் மேல்மணல் பொத்தென்று அவள்மேல் விழுந்தது. மூச்சு முட்டியது. தள்ளித்தானே ஆகவேண்டும்? ஒரு வாய் மணலை வெளியே கொண்டுவந்தாள். எறியத்தான் போனாள், மனசு வரவில்லை. வாயிலேயே உருட்டி உருண்டையாக்கி வாசலில் மெல்ல வைத்தாள்.

"இது மூத்தவன்."

அடுத்த வாய் மணல். "இது என் முதுகுல ஏறிக்கிட்டே இருப்பாளே, அவ."

இப்படிப் பதினொன்றையும் வரிசையாக வைத்தாள். உருட்ட உருட்ட, மணலில் ஒட்டியிருந்த இரை அவளுக்கே தெரியாமல் தொண்டைக்குள் இறங்கியது.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வளைக்காரி தடதடவென்று பக்கவாட்டில் ஓடிவந்தாள். ஏதோ சண்டையில் ஒரு கொடுக்கைப் போக்கிக்கொண்டவள், அதனால் ஒத்தைக் கொடுக்கி என்றே பேர். ஏழு உருண்டைகளை மிதித்துவிட்டாள்.

"அடிப்பாவி! கண்ணை எங்கே வச்சிருக்கே?" பவளி கத்தினாள். ஏழு நாளாக வராத குரல்.

"கண்ணு இருக்கிற இடத்துலதான் இருக்கு. நான் என்ன நேரா நடக்கிறவளா? போற வழியில வச்சா மிதிபடாதா? என்னடி இதெல்லாம்?"

"என் பிள்ளைங்க."

ஒத்தைக் கொடுக்கி உருண்டைகள்மேல் இருந்த கால்களை மெல்ல எடுத்தாள்.

"எனக்கு நாலு," என்றாள். அதுவரை யாரிடமும் சொல்லாதது.

மிதித்த ஏழு உருண்டைகளையும் முதலில் உருட்டிக் கொடுத்தாள். அப்புறம் தன்னுடைய நாலு. ஒற்றைக் கொடுக்கில் எல்லாம் பெரிசு பெரிசாக, கோணல்மாணலாக வந்தன.

"இது என்ன, பூசணிக்காயா?"

"என் பிள்ளைங்க அப்படித்தான், குண்டு. நீ உன் வேலையைப் பாரு."

எத்தனையோ நாள் கழித்து பவளிக்குச் சிரிப்பு வந்தது.

சிரிப்புச் சத்தம் கேட்டு ஒவ்வொரு வளையாக எட்டிப் பார்த்தது. புயலுக்கு எதையும் கொடுக்காத வளை ஒன்றுகூட இல்லை. உச்சி வெயிலுக்குள் கரை முழுக்க உருண்டை.

"வாசலுக்கு நேரா ஒரு வழி விடுங்க," என்றாள் பவளி. "நம்மைத் தேடி வர்றவங்க மிதிக்காம வரணும்."

சாயங்காலம் தண்ணீர் ஏறியது. ஒரே அலை, அத்தனையும் போச்சு. எல்லாரும் பவளியையே பார்த்தார்கள். அவளோ வளைக்குள் இறங்கி, வாசலை அடைக்க மணலை இழுத்தாள்.

"மறுபடியும் அடைச்சுக்கப் போறியாடி?" ஒத்தைக் கொடுக்கி வாசலுக்கு ஓடிவந்தாள்.

"தண்ணி உள்ளே வராம இருக்கத்தான். வத்தினதும் திறப்பேன். ஈர மணலுதான் நல்லா உருளும். எல்லாரும் வந்துடுங்க."

சொன்னபடியே திறந்தாள்.

அன்றைக்குப் பிடித்த பழக்கம்தான், இன்றைக்கும் கடல் வற்றினால் போதும், நண்டுகள் வளையைச் சுற்றி மணல் உருண்டை வைக்க ஆரம்பித்துவிடும். எத்தனை நெருக்கமாக வைத்தாலும், வாசல் வரைக்கும் ஒரு வழி மட்டும் விட்டிருக்கும்.