தாளாளரைப் பற்றி எழுதக் கூடாது

வாட்ச்மேன் சடையாண்டி தாளாளர் வேதநாயகத்தைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவர் பெயிண்ட் டப்பாவோடு பள்ளிச் சுவர் முன்னால் நின்று பிள்ளைகளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

அந்தச் சண்டையை மூட்டியவனே சடையாண்டிதான். சில வருடங்களுக்கு முன், முழுப்பரீட்சை முடிந்த அன்று தாளாளர் அவனைக் கூப்பிட்டார்.

"லீவுல பிள்ளைங்க எழுத்தையே மறந்துடுதுங்க. நீ சும்மாதானே உக்காந்திருக்கே? தினமும் எழுத வை. இல்லேன்னா பள்ளிக்கூடம் திறக்கும்போது உனக்கு வேலை இல்லை."

"ஐயா, வாத்தியாருங்க பிரம்போட நின்னே எழுதாத பிள்ளைங்க..."

"அது உன் பாடு."

புதிதாக வெள்ளையடித்த சுவரில் சடையாண்டி கொட்டை எழுத்தில் எழுதினான்: 'தாளாளரைப் பற்றி இங்கே யாரும் எழுதக் கூடாது.' கீழே கரித்துண்டுகளைக் கொட்டிவிட்டு வேப்பமரத்தடியில் தூங்கப் போனான்.

மறுநாளே சுவர் நிறைந்துவிட்டது. 'தாளாளர் தலையில் இருப்பது தேங்காய் நார்.' எழுதத் தெரியாத வாண்டுகள் அக்காமாரைக் கெஞ்சி எழுத்துக் கற்றுக்கொண்டு வந்தன.

தாளாளர் குதித்தார். "எவன்டா இது?"

"நீங்க எழுத வைக்கச் சொன்ன பிள்ளைங்கதான் ஐயா. அழிச்சிடவா? ஆனா பதில் சொல்லாம அழிச்சா, ஊரு அதை உண்மைன்னுல்ல நினைக்கும்?"

தாளாளர் நீலப் பெயிண்ட் வாங்கிவந்து, 'சொந்த முடி' என்று எழுதினார்.

'அப்படியென்றால் பஸ்ஸில் ஏன் பறந்தது?' என்று கரியில் கேள்வி வந்தது. அதற்கும் அவர் பதில் எழுதினார். கோடைக்குக் கோடை பிள்ளைகள் மாறினார்கள்; சண்டை ஓயவில்லை. சடையாண்டியின் வேலையும் போகவில்லை.

இப்போது தாளாளர் இல்லை. கரியெழுத்தெல்லாம் மழையில் கரைந்துவிட்டது. நீலப் பெயிண்ட் பதில்கள் மட்டும் சுவரில் இருக்கின்றன; எல்லாவற்றுக்கும் மேலே, 'சொந்த முடி'.