சும்மா இருந்த சிவப்பு

அந்த ஆய்வகத்தில் சீடருக்கு வயது ஐம்பத்திரண்டு. குருவுக்கு நாற்பத்தொன்று.

சீடர் திருமேனி, மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் வாத்தியார். நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஆராய்ச்சிக்கு வந்திருந்தார். குரு டாக்டர் ஜெசிந்தா, பதினைந்து வருடமாக ஹார்மோன்களோடு மல்லுக்கட்டுகிறவர். இவர் அவரை "மேடம்" என்பார். அவர் இவரை "சார்" என்பார். வெளியிலிருந்து வருகிறவர்கள் நரைத்த தலையைப் பார்த்துத் திருமேனிக்கே முதல் வணக்கம் வைப்பார்கள். அவரும் கூச்சப்படாமல் வாங்கிக்கொள்வார்.

திருமேனி வளர்த்தவை மார்பகப் புற்றுநோய்ச் செல்கள். ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன் கிடைத்தால் கிடுகிடுவென்று பெருகும். கிடைக்காவிட்டால் சோர்ந்து கிடக்கும். சோயாவிலிருந்து பிரித்த ஒரு பொருள் ஈஸ்ட்ரோஜன் வேஷம் கட்டி இந்தச் செல்களை ஏமாற்றுகிறதா என்பதுதான் ஆராய்ச்சி. அதற்கு ஒரு தட்டில் ஹார்மோனே கொடுக்காமல் செல்களைப் பட்டினி போட வேண்டும். அந்தத் தட்டு வளராமல் இருந்தால்தான் மற்ற தட்டுகள் சொல்வதை நம்ப முடியும்.

பட்டினித் தட்டு வளர்ந்தது. கொழுகொழுவென்று வளர்ந்தது.

இரண்டு மாதமாக இதே கூத்து. திருமேனி ஊட்டத்தில் கலக்கும் சீரத்தை மாற்றினார், தண்ணீரை மாற்றினார், கையுறையைக்கூட மாற்றினார். குருவிடம் மட்டும் கேட்கவில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பாடம் நடத்திய வாய்க்கு, தன்னைவிடப் பதினோரு வயது சின்னவரிடம் "தெரியவில்லை" என்று சொல்ல வெட்கம். அவர் ஆராய்ச்சியை மதிப்பிடும் குழு கூடுவதற்கு இன்னும் மூன்றே வாரம் இருந்தது. அன்றைக்கும் கையை விரித்தால் ஆராய்ச்சிப் பதிவை ரத்து செய்துவிடுவார்கள். மறுபடி பள்ளிக்கூடம்தான்.

வேறு வழியில்லாமல் ஒரு திங்கட்கிழமை போய் நின்றார்.

"மேடம், நான் ஹார்மோன் கொடுக்கவே இல்ல. ஆனா செல்லுங்க எங்கேயோ வாங்கித் தின்னுக்கிட்டு இருக்கு. எங்கிருந்துன்னுதான் புரியல."

ஜெசிந்தா அவர் மேசைக்கு வந்து தட்டுகளைப் பார்த்தார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நீங்க வேலையப் பாருங்க சார். நான் சும்மா உட்கார்ந்திருக்கேன்."

திருமேனி பிப்பெட்டை எடுத்தார். பரீட்சை எழுதும் பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால் இருபத்தைந்து வருடம் நின்றவர் அவர். அவர் பக்கத்தில் இதுவரை யாரும் அப்படி உட்கார்ந்ததில்லை. முதல் சொட்டு தட்டுக்கு வெளியே விழுந்தது. ஒரு மூடி தரையில் உருண்டது. மூன்றாவது தட்டில் இரண்டு தடவை ஊற்றினார்.

"என்ன சார் ஆச்சு?"

"நீங்க பக்கத்துலயே இருந்தா கை எப்படி மேடம் நிக்கும்?"

"நான் ஒண்ணும் பண்ணலையே. பார்த்துக்கிட்டுதானே இருந்தேன்."

"அது போதாதா!"

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு அடங்கியதும் ஜெசிந்தா பட்டினித் தட்டை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார்.

"இதுக்குள்ள அப்படிச் சும்மா உட்கார்ந்திருக்கிறது யாரு?"

திருமேனி உற்றுப் பார்த்தார். அடியில் செல்கள். மேலே அவை மூழ்கிக் கிடக்கும் ஊட்டத் திரவம். அந்தத் திரவத்தின் சிவப்பு. திரவம் புளித்தால் சிவப்பு மஞ்சளாகிவிடும், எட்ட நின்றே தெரிந்துகொள்ளலாம். அதற்காகவே கலந்து வருகிற நிறம் அது. செல்லுக்கு உணவுமில்லை, மருந்துமில்லை. பார்க்கிறவர் வசதிக்காகப் போட்டது.

"அது வெறும் சாயம் மேடம்."

"உங்களுக்குச் சாயம். செல்லைக் கேட்டீங்களா?"

திருமேனிக்குச் சுருக்கென்றது. சோயாவில் ஓர் ஈஸ்ட்ரோஜன் வேஷக்காரனைத் தேடிக்கொண்டே, சாயம் என்கிற இன்னொரு வேஷக்காரனைத் தன் கையாலேயே தட்டுத் தட்டாக ஊற்றியிருக்கிறார். விறுவிறுவென்று அலமாரிக்குப் போனார். கீழ்த்தட்டில் சாயம் சேர்க்காத திரவம், வெறும் தண்ணீர் போல, பாட்டில் பாட்டிலாக இருந்தது. வந்த நாளிலிருந்து பார்க்கிற பாட்டில்கள்தான். ஏதோ குறைச்சல் சரக்கு என்று தொடாமலே விட்டிருந்தார்.

பத்து நாள் கழித்து, பட்டினித் தட்டு நிஜமாகவே பட்டினி கிடந்தது.

திருமேனிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தட்டும் கையுமாக நடைவழியில் ஓடினார். எதிரே வந்த இரண்டு பேர் வழக்கம்போல அவருக்கு வணக்கம் வைத்தார்கள்.

"எனக்கில்லீங்க, குரு உள்ள இருக்காங்க!" என்று சொல்லிக்கொண்டே அறைக்குள் நுழைந்தார்.

ஜெசிந்தா இரண்டு கோப்பையில் டீ ஊற்றிக்கொண்டிருந்தார். தட்டை வாங்கிப் பார்த்துத் தலையாட்டினார். அப்போதுதான் திருமேனிக்கு ஒரு சந்தேகம் முளைத்தது.

"மேடம், இப்ப நிறமே இல்லையே. உள்ள புளிச்சுப் போச்சா இல்லையான்னு நான் எப்படிப் பார்த்துக்கிட்டே இருக்கிறது?"

"திரவத்தை மாத்த வேண்டிய நாள்ல மாத்துங்க சார். மத்த நாள்ல தட்டைப் பெட்டிக்குள்ள வச்சு, கதவைச் சாத்திட்டு வாங்க, டீ ஆறுது."