பொட்டு ஒட்டிய பொத்தான்

செண்பகவல்லிக்கு நாற்பத்தாறு வயது. அவளுடைய குருவுக்கு முப்பத்தொன்று. கேமரா வாங்கி ஆறே மாதம் ஆனவள் வயசு பார்த்துக் குரு தேடிக்கொண்டிருக்க முடியுமா? கோவில்பட்டியில் கல்யாணப் படம் எடுக்கும் ரெஜினாவிடம் போய் நின்றாள். விளையாட்டாகக் கூப்பிட ஆரம்பித்த ‘குருவே’ அப்படியே நிலைத்துவிட்டது.

அன்று அவளுடைய அக்கா மகள் கல்யாணம். ஏழரை மணிக்கு முகூர்த்தம். ஆறு மணிக்கே செண்பகவல்லி ரெஜினாவையும் இழுத்துக்கொண்டு மண்டபத்துக்கு வந்துவிட்டாள்.

காரணம் அத்தான், மணப்பெண்ணின் அப்பா. தலையில் ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறவரை ஒரு மணி நேரத்துக்கு மட்டும் அனுப்புகிறார்கள். பளிச்சென்று வெளிச்சம் அடித்தால் வலிப்பு வருமாம். அதனால் ஃபிளாஷ் கூடாது, வீடியோ லைட்டும் கூடாது. மண்டபத்து டியூப்லைட்தான் கதி. “செம்பா எடுக்கட்டும். அவதான் சொன்ன பேச்சு கேப்பா” என்று அத்தானே சொல்லிவிட்டார். மகளோடு அவர் இருக்கும் கடைசிப் படமாக அது இருக்கலாம். எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

“நீங்களும் ஒண்ணு எடுத்து வையுங்க குருவே.”

“நான் கேமராவே கொண்டு வரலையே அக்கா.”



அக்காவை மணையில் உட்காரவைத்து, பின்னால் ஒரு காலி நாற்காலியைப் போட்டுச் சோதித்துப் பார்த்தாள். ஷட்டரை வேகமாக்கினால் படம் இருட்டடித்தது. லென்ஸின் துளையைப் பெரிதாக்கி வெளிச்சத்தை வாங்கினால் பின்னாலிருந்த நாற்காலி கலங்கியது. துளையைச் சின்னதாக்கி ஷட்டரை மெதுவாக்கினால், அக்காவின் கை இரண்டு கையாக இழுபட்டது.

“எல்லாத்தையும் திருகிட்டேன் குருவே.”

ரெஜினா கேமராவை வாங்கிப் பார்த்தாள். ஒரு பொத்தானின் மேல் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது.

“இது என்ன?”

“ஐ.எஸ்.ஓ. ஏத்தினா படம் வெளிச்சமாகும், ஆனா எண்ணூறுக்கு மேல போனா படம் பூரா புள்ளி விழும்னு ஒரு வீடியோவுல சொன்னாங்க. கை தவறிப் பட்டுடக் கூடாதுன்னு ஒட்டி வெச்சேன்.”

ரெஜினா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

“சரியான நம்பர் எதுன்னு சொல்லிருங்க. அதையே வெச்சுக்கிறேன்.”

ரெஜினா வெறுங்கையை நீட்டினாள்.

“மாப்பிள்ளை கை அசையாம விழணும். அத்தான் முகம் தெளிவா தெரியணும். படம் புள்ளி இல்லாம வழவழன்னு இருக்கணும். மூணுல ஒண்ணை எனக்குக் குடுங்க.”

“குடுக்கிறதுன்னா?”

“திரும்பக் கிடைக்காது.”

“எனக்கு மூணும் வேணும்.”

நீட்டிய கையை ரெஜினா மடக்கிக்கொண்டாள். “பசிக்குது” என்று பந்திக்குப் போய்விட்டாள்.

இட்லி தின்கிற நேரமா இது? செண்பகவல்லிக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

அத்தான் வந்தார். மழித்த தலையில் துண்டு சுற்றியிருந்தது. சக்கர நாற்காலியைப் பெண்ணுக்குப் பின்னால் நிறுத்தினார்கள்.

தாலித் தட்டு ஆசி வாங்கக் கிளம்பியது. அது மண்டபத்தைச் சுற்றிவிட்டுத் திரும்பினால் தாலி கட்டுதான். ஒவ்வொரு வரிசையாக அது போவதைப் பார்க்கப் பார்க்கச் செண்பகவல்லி மறுபடி மறுபடி திருகினாள். துளை, ஷட்டர், துளை, ஷட்டர். தட்டு அவளிடமும் வந்தது. தாலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

கடைசியாக அது அத்தானிடம் போனது. தொடத்தான் கையைத் தூக்கினார். விரல் நடுங்கி நடுங்கித் தேங்காயில் பட்டது, தட்டில் பட்டது, தாலியில் மட்டும் படவில்லை. அக்கா அந்தக் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தாள்.

செண்பகவல்லி நிமிர்ந்தாள். எதிரே தூணோரம் ரெஜினா நின்றாள், கழுவின ஈரம் காயாத கையை நீட்டியபடி.

செண்பகவல்லி நகத்தால் பொட்டைக் கிள்ளி எடுத்து மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டாள். பொத்தானை அழுத்தினாள். எண்ணூறு, ஆயிரத்து அறுநூறு, மூவாயிரத்து இருநூறு, ஆறாயிரத்து நானூறு. துளையைச் சுருக்கினாள். ஷட்டரை வேகமாக்கினாள்.

“கெட்டிமேளம்! கெட்டிமேளம்!”

அட்சதை பறந்தது. அவள் அழுத்திக்கொண்டே இருந்தாள்.

அத்தானை வண்டியில் ஏற்றி அனுப்பிய பிறகுதான் திரையைப் பார்க்கத் தைரியம் வந்தது. முடிச்சுப் போடும் கை அசையாமல் நின்றது. பின்னால் அத்தான், தூக்கிய விரல்களில் ஒட்டிய அட்சதையோடு, கண் நிறைந்து. ஆனால் பட்டுப்புடவை, சுவர், அவர் முகம் எல்லாவற்றின் மேலும் ரவையைத் தூவினாற்போலப் புள்ளி.

“படம் பூரா புள்ளி குருவே. இதை மட்டும் எப்படியாவது வழவழன்னு ஆக்கித் தர முடியுமா?”

ரெஜினா திரையில் அத்தானின் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு கேமராவைச் செண்பகவல்லியின் கையிலேயே திருப்பி வைத்தாள்.

“கை நீட்டினேன், குடுத்துட்டீங்க. இப்ப ஏன் அக்கா திருப்பிக் கேக்கிறீங்க?”